பனிக்கு முன் புல்தரை: ரொறன்ரோ வளவுகளுக்கான இலையுதிர்கால வழிகாட்டி

புல்விதையும் பசளையும் கடைகளில் குவிவது மே மாதத்தில். புல்லுக்கு அவை உண்மையில் தேவைப்படுவது செப்டெம்பரில். ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன், ஏஜாக்ஸ் பக்கம் வீட்டு வளவுகளில் இருப்பது பெரும்பாலும் குளிர்ப்பிரதேசப் புல்தான். கோடை முழுக்க அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று குளிர்ந்தும் மண்ணில் சூடு தங்கியிருக்கும் ஓகஸ்ட் கடைசி முதல் ஒக்டோபர் வரையான வாரங்களில்தான் வேரோடும், பக்கத்தில் தூர் கட்டும். மே மாதம் போட்ட விதை வேர் பிடிக்கும் முன்பே ஜூலை வெயில் வந்துவிடும். போதாததற்கு கிராப்கிராஸ் என்ற களையும் கூடவே முளைத்து இடத்தைப் பிடிக்கும். செப்டெம்பரில் அந்தத் தொல்லை இல்லை. கிராப்கிராஸ் முதல் உறைபனியோடு தானாகவே செத்துவிடும்.

அதனால் இங்கே எதைச் செய்கிறோம் என்பதைவிட எப்போது, எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதியில் முடிகிற வேலை இது. இரண்டு சனிக்கிழமைகள் முழுதாக வேண்டும். மற்றவை அரைமணி வேலைகள்.

ஓகஸ்ட்: அளந்து பாருங்கள், கிளறிப் பாருங்கள்

முதலில் அளவு. வீடு, வாகனம் விடும் இடம், பூப்பாத்தி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, புல் மட்டும் எத்தனை சதுர அடி என்று நாடா பிடித்து அளந்து எழுதி வையுங்கள். புதிய குடியிருப்புகள் பலவற்றில் முன்னும் பின்னும் சேர்த்தாலும் ஆயிரம் சதுர அடி தேறாது. ஐயாயிரம் சதுர அடிக்கான பசளை மூட்டையை வாங்கி அப்படியே கொட்டித் தீர்ப்பதால்தான் பல புல்தரைகள் கருகுகின்றன. இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் ஆயிரம் சதுர அடிக்கு. உங்கள் அளவுக்கு ஏற்ப வகுத்தோ பெருக்கியோ கொள்ளுங்கள்.

அடுத்தது, பழுப்பாகக் கிடக்கும் இடம் செத்ததா தூங்குகிறதா என்று பார்ப்பது. ஒரு பிடி புல்லை இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு நின்று, அடித்தண்டு வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் அது வறட்சியில் உறங்குகிறது. மழை பெய்தால் எழும்பும். தண்டு பழுத்து உலர்ந்து நொறுங்கினால் செத்துவிட்டது. புல் வேரே இல்லாமல், பாயைச் சுருட்டுவது போலக் கையோடு எழும்பி வந்தால் கீழே புழு இருக்கிறது.

புழுவை எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரத்தின் மூன்று பக்கத்தையும் மண்வெட்டியால் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு வெட்டி, மூடியைத் திறப்பதுபோல் புரட்டிப் பாருங்கள். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகச் சுருண்டு கிடப்பவை வண்டுப் புழுக்கள். நான்கைந்து இடத்தில், குறிப்பாகப் பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரத்தில், பாருங்கள். சதுர அடிக்கு ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். ஐரோப்பிய சேஃபர் வண்டின் புழு ஐந்துக்கு மேல், ஜப்பானிய வண்டின் புழு பத்துக்கு மேல் என்றால் மருத்துவம் தேவை. இனம் பிரித்தறிய முடியாவிட்டால் ஐந்தையே எல்லையாக வையுங்கள். புழு அதிகமானால் ஒக்டோபரில் ரக்கூனும் ஸ்கங்கும் வந்து இரவோடிரவாகத் தரையைப் புரட்டிப் போடும். புழுவுக்குச் செலவழிக்காதவர் புல்லுக்கு இரட்டிப்பாகச் செலவழிப்பார்.

ஒன்ராறியோவில் அழகுக்காகப் புல்தரைக்குப் பூச்சிகொல்லி அடிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடை. வீட்டுக்காரர் கையில் இருக்கும் நல்ல வழி நெமடோட். மண்ணுக்குள் புகுந்து புழுவைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு இது. ஹெட்டரோராப்டிடிஸ் என்ற இனம் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். இவை உயிருள்ளவை. கடையில் குளிர்ப்பெட்டியில் இருந்த பெட்டியாக, காலாவதித் திகதி பார்த்து எடுங்கள்; வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள், உறைய விடாதீர்கள். வாங்கிய கையோடு பயன்படுத்துவது நல்லது.

ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் நடு வரை, முட்டையிலிருந்து வந்த புழு சின்னதாக இருக்கும்போதே இதைப் போட வேண்டும். முதலில் தரையை நன்றாக நனையுங்கள். வெயில் இறங்கிய பின் தெளியுங்கள். சூரிய ஒளி நெமடோடைக் கொன்றுவிடும். தெளிப்பானுக்குள் நுண்ணிய வடிகட்டி இருந்தால் கழற்றி எடுங்கள், இல்லாவிட்டால் பாதி அங்கேயே தங்கிவிடும். தெளித்த உடனே மறுபடி தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். பிறகு இரண்டு வாரம் மண் காயக்கூடாது. நெமடோட் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் காய்ந்த மண்ணில், நண்பகலில் தெளித்தவர்கள்.

செப்டெம்பர் முதல் சனி: மண்ணைத் திறப்பது

புல்லை இரண்டு அங்குலத்துக்கு வெட்டுங்கள். பிறகு புல்லையும் மண்ணையும் சேர்த்து ஆப்பு வடிவில் ஒரு சின்னத் துண்டை வெட்டியெடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் இடையில் பழுப்பாக, பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும். அரை அங்குலம் வரை இருந்தால் நல்லதுதான். அதற்கு மேல் தடித்திருந்தால் தண்ணீரும் விதையும் மண்ணைத் தொடாது. படலத்தைக் கிளறி வாரும் பவர் றேக் என்ற இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும், அதை ஓட்டி எடுக்க வேண்டும். வெட்டிப் போடும் புல்தான் இந்தப் படலத்துக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டு மூன்று வாரத்தில் மக்கிவிடும். படலம் உண்டாவது மக்கத் தாமதமாகும் தண்டாலும் வேராலும். அளவுக்கு மிஞ்சிய பசளை அதை வளர்க்கும்.

பெருநகரைச் சுற்றியுள்ள பல வளவுகளில் களிமண்தான். புதிய குடியிருப்புகளில் இன்னும் மோசம்: கட்டுமான வாகனங்கள் ஏறி இறுகிய மண்ணுக்கு மேல் நான்கைந்து அங்குலம் மேல்மண் பரப்பி, அதன் மேல் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்திருப்பார்கள். ஆகவே மண்ணில் துளை போடும் ஏரேட்டர் அவசியம். வாங்க வேண்டியதில்லை, அரைநாள் வாடகைக்கு எடுங்கள், பக்கத்து வீட்டாரோடு பங்கு போடலாம். மண்ணைக் குழாய்போல் பிடுங்கி வெளியே போடும் வகைதான் வேண்டும். ஆணி வைத்த செருப்பும் கூர்முனை உருளையும் துளையைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும் இறுக்கும். அவற்றுக்குக் கொடுத்த காசு வீண்.

முந்தைய நாள் ஒரு அங்குலம் தண்ணீர் விடுங்கள், அல்லது மழை பெய்த மறுநாள் ஓட்டுங்கள். காய்ந்த களிமண்ணில் அரை அங்குலம்கூட இறங்காது. சேறாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். வெளியே வரும் மண்துண்டு இரண்டரை முதல் மூன்று அங்குல நீளம் இருக்க வேண்டும். சின்ன விரல் நுனியளவுதான் வருகிறது என்றால் நிறுத்தித் தண்ணீர் விட்டு மறுநாள் வாருங்கள். வசந்தகாலத்தில் கதவைத் தட்டி மலிவாகச் செய்து தருவதாக வருபவர்களிடமும் இதையே பாருங்கள்: துண்டின் நீளம் என்ன, எத்தனை முறை ஓட்டுகிறார்கள் என்று. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை ஓட்டினால்தான் துளைகள் நெருக்கமாக வரும்.

ஓட்டுவதற்கு முன் தெளிப்பான் தலைகளிலும், இணையக் கேபிள் போகும் தடத்திலும் கொடி குத்தி வையுங்கள். கேபிள் சில வீடுகளில் இரண்டே அங்குல ஆழத்தில்தான் கிடக்கும். வெளியே விழுந்த மண்துண்டுகளை அள்ள வேண்டாம். இரண்டு வாரத்தில் மழையில் கரைந்துவிடும்.

அதே நாள்: எருவும் விதையும்

துளை திறந்திருக்கும்போதே சலித்த மக்கிய எருவைப் பரப்புங்கள். கால் அங்குலக் கனம் போதும். ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 0.6 கன மீற்றர், அதாவது 30 லீற்றர் பைகள் 20. இத்தனை பை வாங்குவதைவிட லொறியில் ஒரு கன யார் இறக்குவது பெரும்பாலும் மலிவு. மேல்மண், பீற், எரு மூன்றையும் கலந்து ட்ரிபிள் மிக்ஸ் என்று விற்கும் கலவையும் சரிவரும், ஆனால் கட்டியில்லாமல் சலித்ததா என்று கேளுங்கள். பரப்பிய பின் றேக்கின் முதுகால் தேய்த்துவிட்டால், புல்லின் நுனிகள் எல்லாம் வெளியே தெரிய வேண்டும். மூடிப்போனால் புல் மூச்சுத்திணறும்.

சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது சொன்னால் போடாதீர்கள். தென் ஒன்ராறியோ மண்ணில் பெரும்பகுதி சுண்ணக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அமிலத்தன்மை இல்லாதது, சற்றே காரமானதும்கூட. மண் பரிசோதனை முடிவில் அமிலம் என்று வந்தால் மட்டுமே சுண்ணாம்பு. பாசி வளர்வதைப் பார்த்துச் சுண்ணாம்பு வாங்குபவர்கள் உண்டு; இங்கே பாசிக்குக் காரணம் பெரும்பாலும் நிழலும் ஈரமும் இறுகிய மண்ணும்தான்.

விதைக்கு நல்ல காலம் ஓகஸ்ட் 20 முதல் செப்டெம்பர் 20 வரை. வெயில் படும் முன்வளவுக்கு கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்கியூ, பல்லாண்டு ரை கலந்த கலவை. மேப்பிள் மர நிழலுக்கு மெல்லிய இலை ஃபெஸ்கியூ அதிகமுள்ள கலவை. தண்ணீர் விட நேரமில்லாத வீட்டுக்கு டோல் ஃபெஸ்கியூவைப் பரிந்துரைப்போம்: இலை கொஞ்சம் தடிப்பு, ஆனால் வேர் ஆழமாகப் போகும், ஓகஸ்ட் வரை பச்சையாக நிற்கும். ஓராண்டு ரை சேர்ந்த மலிவு மூட்டையை வாங்காதீர்கள். ஒரு வாரத்தில் பச்சையாக எழும்பி மகிழ்விக்கும், குளிர்காலம் தாண்டாது.

ஏற்கெனவே புல் இருக்கும் இடத்தில் மேல்விதைப்பு என்றால் கலவை 1.5 முதல் 2 கிலோ, டோல் ஃபெஸ்கியூ 2 முதல் 2.5 கிலோ. வெறுந்தரைக்கு இதில் இரண்டு மடங்கு. நீலம் அல்லது பச்சைப் பூச்சுப் பூசிய விதை என்றால் உறையைப் படியுங்கள்; எடையில் பாதி வரை பூச்சாகவே இருக்கலாம், அதற்கேற்பக் கூட்டிப் போட வேண்டும். பாதியை வடக்குத் தெற்காக, மீதியைக் கிழக்கு மேற்காகத் தூவினால் கோடு கோடாக முளைக்காது. தூவிய பின் றேக்கை லேசாக இழுத்து, மேலே நடந்து அழுத்துங்கள். விதை மண்ணைத் தொட வேண்டும், கால் அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. புல்லின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும் விதை குருவிக்குத்தான்.

இனித் தண்ணீர். பலருடைய உழைப்பு வீணாவது இங்கேதான். ரை புல் 5 முதல் 10 நாளில் முளைக்கும், ஃபெஸ்கியூ 7 முதல் 14 நாள், புளூகிராஸ் 14 முதல் 28 நாள். ரை முளைத்து எங்கும் பச்சை தெரிந்ததும், வேலை முடிந்தது என்று குழாயைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். அந்த நேரம் புளூகிராஸ் விதை தண்ணீர் குடித்து உப்பி, வெடிக்கத் தயாராக இருக்கும். ஒரு நாள் காய்ந்தால் போதும், செத்துவிடும். அடுத்த வருடம் வளவில் நிற்பது தூர் தூராக ரை மட்டுமே, இடைவெளிகளில் டாண்டிலயன் களை. ஆகவே முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து பத்து நிமிடம், மேல் அரை அங்குலம் ஈரமாக இருக்கும் அளவுக்கு. அடுத்த இரண்டு வாரம் நாளுக்கு ஒரு முறை, கொஞ்சம் கூடுதலாக. ஐந்தாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு அங்குலம், மழையையும் சேர்த்து. வேலைக்குப் போகிறவர்கள் குழாயில் பொருத்தும் நேரக் கருவி ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

புதுப்புல் மூன்றரை அங்குலம் வந்ததும் இரண்டரைக்கு வெட்டலாம். கத்தி கூராக இருக்க வேண்டும்; மொட்டைக் கத்தி இளம் புல்லை வேரோடு பிடுங்கும்.

பசளை: இரண்டே முறை

மூட்டையில் உள்ள மூன்று எண்களில் முதலாவது தழைச்சத்து (நைதரசன்) எத்தனை வீதம் என்பது. ஆயிரம் சதுர அடிக்கு ஒரு தடவையில் 450 கிராம் தழைச்சத்துக்கு மேல் போகக்கூடாது. 24-0-10 என்றால் நூறு கிலோவில் 24 கிலோ தழைச்சத்து. 450 கிராமுக்கு 1.9 கிலோ பசளை. முதல் எண் 12 என்றால் 3.75 கிலோ.

முதல் தடவை செப்டெம்பரில், விதை முளைத்து ஒரு முறை வெட்டிய பிறகு, இந்த அளவில் முக்கால் பங்கு. இரண்டாவது தடவை, புல் வளர்வது நின்றும் நிறம் பச்சையாகவே இருக்கும் நேரம்: ஒக்டோபர் கடைசி அல்லது நவம்பர் முதல் வாரம். அப்போது பாதி அளவு போதும். இலை வளராது, புல் உள்வாங்கும் சத்து வேரிலும் அடித்தண்டிலும் சேமிப்பாகி, ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் புல்லுக்கு முன்பே உங்கள் புல் பச்சை பிடிக்கும். பொட்டாசியம், அதாவது மூன்றாம் எண், கொஞ்சம் உள்ள பசளையாகப் பாருங்கள். உறைந்த மண்ணில் போட்டால் அத்தனையும் பனிநீரோடு வடிகாலுக்குத்தான் போகும்.

இடைப்பட்ட காலத்தில், ஒக்டோபர் நடுவில், தாராளமாகப் போடுவது கெட்ட பழக்கம். புல் மென்மையாகத் தழைத்து, அப்படியே பனிக்குள் புதைந்து, பனிப்பூஞ்சைக்கு இரையாகும்.

சோளத்திலிருந்து எடுக்கும் கோர்ன் குளூட்டன் என்ற தூளை இயற்கைப் பசளையாக விற்பதில் ஒரு பொறி இருக்கிறது. தழைச்சத்து ஒன்பது பத்து வீதம் உண்டு, நல்லதுதான். ஆனால் முளைக்கும் விதையின் வேரை அது தடுக்கும். களைவிதை, புல்விதை என்று பார்க்காது. விதைத்த இடத்தில் போடவே கூடாது.

களை

டாண்டிலயன் செப்டெம்பர், ஒக்டோபரில் சத்தை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கும். மழைக்கு மறுநாள் நீளக் கத்தியால் ஆறு அங்குலமாவது வேரோடு எடுத்து, அந்தக் குழியில் ஒரு பிடி எருவும் சிட்டிகை விதையும் போட்டு மிதியுங்கள். நிறைய இருந்தால் ஒன்ராறியோவில் அனுமதியுள்ள இரும்புச் சத்துக் களைக்கொல்லி இருக்கிறது. சில மணி நேரத்தில் களை கருகும், ஆனால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மூன்று நான்கு வாரம் விட்டு இன்னொரு முறை அடிக்க வேண்டும். இளம் முளைகளின் மேல் படக்கூடாது. கொங்கிறீட்டில் பட்டால் துருக்கறை பிடிக்கும், உடனே கழுவுங்கள். பஃபலோவுக்குப் போய் அமெரிக்க மருந்தை வாங்கி வந்து அடிப்பதுபற்றிக் கேட்பவர்கள் உண்டு. இங்கே அது சட்டவிரோதம், அவ்வளவுதான்.

ஒக்டோபர்: இலைகள்

எல்லா இலையையும் அள்ள வேண்டியதில்லை. காய்ந்த இலைமேல் புல்வெட்டியை இரண்டு முறை ஓட்டிப் பொடியாக்குங்கள். ஓட்டி முடித்துப் பார்க்கும்போது புல்லே மேலோங்கித் தெரிந்தால் போதும், பொடி மக்கி மண்ணுக்குப் போய்விடும். இலைப்பொடி புல்லை மூடுகிறது என்றால் மிச்சத்தை அள்ளிக் காகிதப் பையில் கட்டுங்கள். ரொறன்ரோவில் தோட்டக் கழிவுக்குப் பிளாஸ்ரிக் பை எடுக்கமாட்டார்கள். நோர்வே மேப்பிள் இலை அகலமானது, நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே காற்றுப் புகாது. அதை ஒரு வாரம்கூடக் கிடக்க விடாதீர்கள். அந்த இலையில் தாரைத் தெளித்தது போன்ற கரும்புள்ளிகள் மரத்தின் பூஞ்சை, புல்லுக்குத் தொற்றாது. புதிதாக முளைத்த இடத்தில் றேக் வேண்டாம், இலையை ஊதித் தள்ளுங்கள்.

புல் வளரும் வரை வெட்டுவதை நிறுத்தாதீர்கள். வழக்கமான உயரம் மூன்று அங்குலம். கடைசி இரண்டு வெட்டில் படிப்படியாக இரண்டரை, பிறகு இரண்டு அல்லது இரண்டேகால். நீளமாக விட்டால் பனிக்குக் கீழ் மடிந்து பூஞ்சை பிடிக்கும், வோல் எலிகள் சுரங்கம் போடும். ஒட்ட வழித்துவிட்டால் அடித்தண்டு குளிரில் அடிபடும்.

நவம்பர்: மூடும் வேலைகள்

நிலத்தடித் தெளிப்பான் இருந்தால் கடும் உறைபனிக்கு முன் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கறுப்புப் பொலித்தீன் குழாய்க்கு 50 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் கொடுத்தால் இணைப்பு கழன்றுவிடும். சுவர்க் குழாய்க்கு வீட்டுக்குள் உள்ள வால்வை மூடி, வெளியே திறந்தபடி விடுங்கள்; நீளக் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

தெருவோரப் புல் வருடா வருடம் சாவதற்குக் காரணம் உப்பு. பனிவாரும் போது உப்புக் கலந்த பனியைப் புல்லின் மேல் எறியாதீர்கள். உங்கள் படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் மணல் கலந்து பயன்படுத்தினால் உப்பு பாதியாகும். வாகனம் விடும் இடத்தின் இரு ஓரத்திலும் மண் உறையுமுன் கம்பு நட்டு வையுங்கள். ஜனவரியில் கம்பு இறங்காது; கம்பு இல்லாவிட்டால் பனிவாரும் வண்டி ஓரம் தெரியாமல் ஓரப்புல்லை மண்ணோடு வழித்துப் போகும்.

செப்டெம்பரைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒக்டோபரில் விதைத்தால் முளைத்தும் முளைக்காமலும் உறைபனியில் சாகும். ஆகவே நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு, மண் 4 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும், வெற்றிடங்களைக் கிளறி, வழக்கமான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூட்டி விதைத்து, மெல்லிய எரு தூவி விட்டுவிடுங்கள். தண்ணீர் விட வேண்டாம். விதை பனிக்குக் கீழே கிடந்து, மண் சூடேறும்போது தானே முளைக்கும். சரிவான இடத்தில் இதைச் செய்யாதீர்கள், பனி உருகும்போது விதை முழுக்க அடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஏப்ரலில் அந்த இடங்களில் றேக் போடவும் கூடாது, கிராப்கிராசுக்கென்று கோர்ன் குளூட்டன் தூவவும் கூடாது.